மூக்கில்லாத வீடு

தம்பி,

இதைப் போனிலேயே சொல்லலாம்தான். சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா, பாத்துக்கிறேன்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அந்தப் பழக்கம் என்னிடமிருந்து வந்தது என்று உன் அம்மா சொல்கிறாள், இருக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை கௌசல்யாவுக்கு வளைகாப்பு. வளையல் போட்டு, கலந்த சாதம் பரிமாறி, சாயங்காலம் அவளை அவள் அப்பா அம்மா நெமிலிக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். பிரசவம் ஆகி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் திரும்பி வரும்வரை ராணிப்பேட்டை வீட்டில் நீ ஒண்டியாக இருக்கப்போகிறாய். இங்கே ஆம்பூரில் உன் அம்மா புடவையைப் பற்றியும் சீர்த்தட்டைப் பற்றியும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறாள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. அந்த வீட்டில் நீ தனியாக இருக்கப்போகிறாய் என்பது மட்டும்தான் மண்டையில் ஓடுகிறது. சுற்றி வளைப்பானேன், எனக்குப் பயமாக இருக்கிறது. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பது என்பார்களே, அது என்னவென்று இந்தப் பத்துப் பதினைந்து நாளாகத்தான் எனக்குத் தெரிகிறது.

உன் விமானங்களை நான் குறை சொல்லப்போவதாக நினைத்துவிடாதே. முதலில் நானும் சிரித்தவன்தான். கல்லூரி விடுதியில் யாரோ பாதியில் போட்டுவிட்டுப் போன ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீ ஆம்பூருக்கு வந்தாய். திறந்தால் சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் சட்டங்கள், அவற்றில் ஒட்டிக்கொண்டு குட்டிக் குட்டியாக எத்தனையோ பாகங்கள். "இன்னாடா இது, மீச மொளச்ச பையன் பொம்ம பிளேன் ஒட்டிக்கினு இருக்கிற?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் பின்னால் வந்து நின்று பார்த்தேன். விமானி உட்காரும் இடத்தில் இருக்கிற கடிகார முகங்களுக்கு நீ பல்குத்தும் குச்சி முனையால் வெள்ளை வைத்துக்கொண்டிருந்தாய். ஒவ்வொன்றும் கடுகு அளவு. இருக்கைக்கு மெல்லிய ஈயத்தாளை வெட்டி பெல்ட் செய்திருந்தாய். "மேல மூடி போட்டு ஒட்டிட்டா இதெல்லாம் யாருக்குடா தெரியப்போவுது?" என்று கேட்டேன். "உள்ள இருக்குதுன்னு எனக்குத் தெரியும்பா" என்றாய், தலையைக்கூட நிமிர்த்தாமல். அன்றைக்கு உன்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. இதுவரை விமானத்தில் ஏறாதவன் நான். ஆனால் எந்த விமானத்துக்கு இறக்கை மேலே இருக்கும், எதற்குக் கீழே இருக்கும், எது பயிற்சி விமானம், எது சண்டை விமானம் என்று உன் அலமாரியைப் பார்த்தே கற்றுக்கொண்டேன்.

பெயிண்ட் விஷயம் வந்தபோதுதான் நான் சும்மா இருக்கவில்லை. சின்ன கம்ப்ரசரும் பேனா மாதிரி ஒரு ஸ்பிரே கன்னும் நீ வாங்கிவந்த புதிதில், முதல் இறக்கையிலேயே வர்ணம் வழிந்து கோடு கோடாக இறங்கிவிட்டது. நான் பாதி ஆயுசை ஆம்பூரில் ஒரு சின்ன ஃபினிஷிங் யூனிட்டில் கழித்தவன். தோலின்மேல் கலரும், பளபளப்புக்கு லாக்கர் என்கிற வார்னிஷும் அடிப்பதுதான் என் வேலை. கை துறுதுறுத்தது. "குட்றா இப்படி" என்று வாங்கி அடித்துக் காட்டினேன். தோலோ இறக்கையோ, ஓரத்துக்கு வெளியே ஆரம்பித்து மறு ஓரத்துக்கு வெளியே முடிக்கணும், நடுவில் கையை நிறுத்தக் கூடாது, ஒரேயடியாகத் தடிமனாக அடிக்காமல் மெல்லிசாக மறுபடி மறுபடி அடிக்கணும். நீ சட்டென்று பிடித்துக்கொண்டாய். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை உன்னிடம் நான் சொல்லவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஜன்னல மூடு, ஃபேன ஆஃப் பண்ணு, தூசு விழுந்தா எல்லாம் போச்சு" என்பதையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் யூனிட்டில் ஈரம் காயும் முன்னால் ஒரு துரும்பு விழுந்தாலும் அந்தத் தோல் ரிஜெக்ட். பெரிய கம்பெனிகளில் காற்றை வெளியே இழுக்க மிஷின் இருக்கும்; எங்களுக்கு மூடின ஜன்னலும் முகத்தில் கட்டின கைக்குட்டையும்தான்.

அங்கே எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகச் சேர்ந்தவனுக்குக் கொஞ்ச நாளைக்குத் தலை சுற்றும், சோறு இறங்காது, பெயிண்டைக் கரைக்கிற, பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்கிற தின்னரின் நெடி கனவில்கூட வரும். பிறகு ஒருநாள் அவனாகவே வந்து, "அண்ணே, இப்ப நெடியே தெரியலண்ணே" என்பான். உடனே கூட வேலை செய்த அன்வர் பாய், "தோஸ்த் செட் ஆயிட்டான்பா!" என்று கத்துவார். அன்றைக்கு அவனுக்கு எங்கள் செலவில் டீயும் பன்னும். எனக்கும் வாங்கிக் கொடுத்தார்கள், நானும் பலருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஒருத்தன் மூக்கு சாகிறதை டீ குடித்துக் கொண்டாடினோம் என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. உன் கல்யாணத்துக்கு முந்தின வருஷம், நம் வீட்டு மாடி அறையில் நீ ஏதோ ஒரு விமானத்துக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தபோது, "இப்பல்லாம் தின்னர் வாசனையே வர்றதில்லப்பா" என்றாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்துக்கொண்டே கீழே இறங்கிப் போய் முக்கு டீக்கடையில் உனக்கு டீயும் பன்னும் வாங்கிவந்தேன். உனக்கு அது ஞாபகம் இருக்காது. எனக்கு இப்போது டீக்கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஞாபகம் வருகிறது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். வளையல் வாங்கவென்று நானும் அம்மாவும் ராணிப்பேட்டைக்கு வந்திருந்தோம். பெண்கள் இரண்டு பேரும் கடைக்குக் கிளம்பும்போது கௌசல்யா, "மாமா, குழம்பு சிம்முல இருக்குது, கொஞ்ச நேரத்துல ஆஃப் பண்ணிடுங்க. உங்க புள்ளைய நம்ப முடியாது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். நீ பிள்ளையின் தொட்டிலுக்கு மேலே தொங்கவிட ஒரு பயிற்சி விமானம் செய்துகொண்டிருந்தாய். வெள்ளை உடம்பு, மஞ்சள் இறக்கை. என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாய். கதவை மூடினோம். ஜன்னலுக்கு ஏற்கெனவே டேப் போட்டு பிளாஸ்டிக் கவர் ஒட்டியிருந்தாய். நீ மஞ்சள் அடிக்க, நான் "இன்னும் கொஞ்சம் தள்ளிப் புடி, ம், அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உலகமே மறந்துபோய்விட்டது நமக்கு. தின்னர் பாட்டில் எப்போது சாய்ந்தது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மேசைக்குக் கீழே இருந்த பழைய பேப்பர் அடுக்கில் அவ்வளவும் இறங்கி ஊறிக்கொண்டிருந்தது. நம் கால் அதன் பக்கத்தில்தான் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

கௌசல்யாவுக்கு மாடிப்படி ஏறும்போதே தெரிந்துவிட்டது. நெமிலியில் நெல்லும் கரும்பும் பார்த்து வளர்ந்த பெண்; அவள் மூக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. வளையல் பையை அம்மா கையில் திணித்துவிட்டு, அந்த நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் ஓடி வந்திருக்கிறாள். முதலில் அடுப்பை அணைத்தாள். பிறகுதான் நம் கதவைத் தள்ளினாள். "ரெண்டு பேரும் வெளிய வாங்க! இன்னா மாமா இது, மூச்சு உட முடியல, உங்களுக்கு ஒண்ணுமே தெரியலயா?" முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே ஜன்னல் கவரைப் பிய்த்து எறிந்தாள். காற்று உள்ளே வந்தது. அப்போது உன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? "அய்யோ, தூசு!" இறக்கையில் ஈரம் காயவில்லை என்று உனக்குக் கவலை. உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நான் வாயைத் திறக்க ஒரு நொடி தாமதம் ஆகிவிட்டது, அவ்வளவுதான்; நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அவள் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து வியர்த்து மூச்சு வாங்கினாளே, அந்த முகம் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. இன்னும் ஒரு கடை ஏறி இறங்கிவிட்டு அவர்கள் மெதுவாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நினைக்காமல் இருக்கத்தான் முயற்சி பண்ணுகிறேன். முடியவில்லை.

"ஜலதோஷம்பா, மூக்கு அடச்சிக்கினு இருக்குது" என்றாய் நீ. நீ ஒரு தும்மல்கூடப் போடவில்லை, ஒருமுறைகூட மூக்கை உறிஞ்சவில்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அந்தக் குழம்பு அடிப்பிடித்துக் கிடந்தது. "வாணாம்டா, தீஞ்சி போச்சு, ரசம் ஊத்திக்கோ" என்று அம்மா சொன்னாள். நீ "நல்லாத்தானம்மா இருக்குது" என்று இரண்டாம் தடவை வாங்கிப் போட்டுக்கொண்டாய். நானும்தான். மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை நீ கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். ஏனென்றால் என் விஷயமும் அம்மாவுக்கு முதலில் தெரிந்தது இப்படி ஒரு தீய்ந்துபோன குழம்பில்தான். அம்மாவும் நானும் பஸ் பிடித்து ஆம்பூர் திரும்பினோம். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போது, "அவனுக்கும் போய்டுச்சாங்க?" என்று கேட்டாள். அழுதாள். நான் "சீச்சீ, அதெல்லாம் இருக்காது" என்றேன். எனக்கே அது நம்பும்படி இல்லை.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன் கல்யாணம் முடிந்த புதிதில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் வீட்டில் தனியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சுடுதண்ணி வைத்திருந்தேன், அது பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது போலிருக்கிறது. எழுந்து போய் சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றலாம் என்று தீப்பெட்டியை எடுத்துக் குச்சியையும் கையில் எடுத்துவிட்டேன். அம்மா ஷூ கம்பெனியில் வேலை முடிந்து கேட்டைத் திறந்துகொண்டு வந்தவள், ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து அங்கிருந்தே அலறினாள்: "கிழிக்காதீங்க! எதையும் தொடாதீங்க! அப்படியே வெளிய வந்துடுங்க!" பைத்தியம் பிடித்துவிட்டதா இவளுக்கு என்றுதான் நினைத்தேன். வீடு முழுக்க கேஸ். எனக்கு அது வெறும் காற்று. அன்றிலிருந்து அவள் வேலைக்குக் கிளம்பும்போது சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிட்டுத்தான் போகிறாள். பகலில் ஒரு டீ வேண்டுமென்றாலும் நான் முக்குக் கடைக்குத்தான் போகணும். என்னைக் குழந்தை மாதிரி நடத்துகிறாள் என்று எல்லாரிடமும் கேலி பேசினேனே, காரணம் இதுதான்.

இப்போது புரிகிறதா என் பயம்? எனக்காவது பக்கத்தில் ஒரு மூக்கு இருந்தது. உனக்கும் ஞாயிற்றுக்கிழமை வரை ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் கேஸ் இருக்கும், தின்னர் இருக்கும், லாக்கர் இருக்கும், பிளக்கில் கம்ப்ரசர் இருக்கும், மூக்கு இருக்காது. நான் வந்து துணைக்கு இருக்கலாமே என்றுதான் முதலில் நினைத்தேன், பையில் வேட்டிகூட எடுத்து வைத்தேன். அம்மா சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல், "நீங்க போயி இன்னா பண்ணப்போறீங்க? மூக்கு இல்லாதவங்க ரெண்டு பேரு ஆயிடுவீங்க, அவ்ளோதான்" என்றாள். வேட்டியை மறுபடி பீரோவில் வைத்துவிட்டேன். அவளுக்கோ கம்பெனியில் லீவு கிடைக்காது. மகனுக்கு ஆபத்து என்று தெரிந்தும் ஓடிவந்து நின்று பிரயோஜனம் இல்லாத அப்பனாக இருப்பது ரொம்பப் பேஜாரான விஷயம் தம்பி. உனக்கு அது வரக்கூடாது.

விமானம் செய்வதை விட்டுவிடு என்று நான் சொல்லமாட்டேன். சொன்னாலும் நீ கேட்கமாட்டாய். கேட்டுவிட்டால் எனக்குத்தான் வருத்தமாக இருக்கும். ஆனால் ஜன்னலைத் திற. நான் கற்றுக்கொடுத்ததை நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஸ்பிரே அடிக்கணும் என்றால் கன்னைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போ, நல்ல மாஸ்காக ஒன்று வாங்கி முகத்தில் போட்டுக்கொள், கைக்குட்டை எதற்கும் ஆகாது. எங்கள் யூனிட்டில் முப்பது பேர் மூக்கில் அதை நிரூபித்துவிட்டோம். பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு தின்னர் பாட்டில் வீட்டுக்குள்ளேயே இருக்கக் கூடாது. தண்ணீரில் கரைகிற பெயிண்ட் இருக்கிறது என்று நீதான் சொல்லியிருக்கிறாய். பளபளப்பு கம்மி என்று அதை ஒதுக்கினாய். தொட்டிலில் படுத்திருக்கிற பிள்ளை பளபளப்பைப் பார்த்து மார்க் போடப்போவதில்லை. கேஸ் கசிந்தால் கத்துகிற கருவி ஒன்று விற்கிறதாம், அன்வர் பாய் மகன் சொன்னான். அதை அவள் கிளம்புகிறதுக்கு முன்னாலேயே மாட்டு. முடியாமல் போனால், மாட்டுகிறவரை அடுப்பைத் தொடாமல் சாப்பாட்டுக்கு ஓட்டலுக்குப் போ, உடம்பு ஒன்றும் தேய்ந்துவிடாது. தூசு விழுந்தால் விழட்டும் தம்பி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி அடித்துக்கொள்ளலாம். தோலையே அப்படிக் காப்பாற்றியிருக்கிறோம், ரிஜெக்ட் என்று ஒதுக்கினதையெல்லாம் தேய்த்து மறுபடி அடித்து அனுப்பியிருக்கிறோம். மூக்குக்கு மட்டும் அந்த வேலை நடக்காது. எனக்கு வேலூரில் டாக்டர் பார்த்துவிட்டு, "ரொம்ப லேட்டா வந்துட்டீங்க, திரும்ப வர்றது கஷ்டம்" என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். உனக்கு இன்னும் லேட் ஆகியிருக்காது என்று நான் கும்பிடாத சாமி இல்லை. அவரிடமே உன்னை அழைத்துப் போகிறேன். ஒரு நாள் லீவு போடு.

வாசனை போனால் என்ன, கண் தெரிகிறது, காது கேட்கிறது, சமாளிக்கலாம் என்று நானும் ரொம்ப நாள் நினைத்தேன். நீ பிறந்தபோது எனக்கு மூக்கு இருந்தது. உன்னை முதன்முதலில் என் கையில் கொடுத்தார்கள். வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தேன், சட்டையெல்லாம் லாக்கர். "தள்ளிப் புடிங்க, நெடி அடிக்குது" என்று அம்மா படுத்தபடியே திட்டினாள். நான் கேட்காமல் உன் உச்சந்தலையில் மூக்கை வைத்தேன். பாலும் எண்ணெயும் கொஞ்சம் வியர்வையும் கலந்த ஒரு வாசனை. இந்த உலகத்தில் எனக்கு ஞாபகத்தில் மட்டும் மிச்சம் இருக்கிற வாசனைகளில் அதுதான் முதல். காப்பி போனது பரவாயில்லை, மல்லிப்பூ போனதும் பரவாயில்லை. பேரப்பிள்ளையைத் தூக்கி உச்சி முகரும்போது எனக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை என்று நினைத்தால் மனசு தாங்கவில்லை. எனக்குத் தெரியாமல் போனால் போகட்டும், நான் தாத்தாதானே. நீ அப்பன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்ன பார்சல் வருகிறது. உள்ளே ஒரே மாதிரி மூன்று துணி முடிச்சு இருக்கும். ஒன்றில் காப்பித்தூள், ஒன்றில் பெருங்காயத்தூள், ஒன்றில் சந்தனப்பொடி. நசுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, எல்லாம் பொடிதான். சிவப்பு, பச்சை, வெள்ளை என்று மூன்று நூலில் கட்டியிருக்கிறது. எந்த நூலில் எது என்று அம்மாவுக்குத்தான் தெரியும். அவள் கொட்டி மூடினாள், நான் திரும்பி உட்கார்ந்திருந்து, கடைசியில் நூலை மட்டும் இறுக்கிக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து நானும் முகர்ந்து பார்த்தேன். எனக்கு மூன்றும் துணிதான். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால், கௌசல்யா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, நீ முகர்ந்து பார். அம்மாவுக்குப் போன் போட்டு எந்த நூலில் எது என்று சொல். குத்துமதிப்பாக அடித்துவிடாதே, தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லு. சரியா தப்பா என்று அவள் உன்னிடம் சொல்லமாட்டாள், "சரிடா கண்ணு, சாப்டியா?" என்றுதான் கேட்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் அப்பா